பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் கேன்சர் இல்லை

1/ லிம்போமாவுக்கு கீமோ முடிச்ச ஒரு பொண்ணு, வயசு இருபதுகளில். பெட் ஸ்கேன் எடுத்த அன்னைக்கு ராத்திரியே படங்களை போனில் திறந்து பார்த்துட்டாங்க. கழுத்துல ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு இருக்கு. வீட்டுல யாரும் தூங்கலை. காலைல முதல் கேள்வி: "திரும்ப வந்துடுச்சா சார்?"

2/ ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இந்த ஸ்கேன் கேன்சரை நேரடியா தேடுறதில்லை, சர்க்கரை எங்கே போகுதுன்னு பார்க்குது. எஃப்.டி.ஜி. என்பது குளுக்கோஸ் மாதிரி ஒரு மருந்து, கூடவே கதிரியக்க ஃபுளோரின்-18. ஊசி போட்டு சுமார் ஒரு மணி நேரம் கழிச்சு படம் எடுப்போம். அதிகமா இழுத்த இடம் ஒளிரும்.

3/ கேன்சர் செல்கள் பெரும்பாலும் நிறைய இழுக்கும். ஆனா மூளையும் இழுக்கும், அதுக்கு எப்பவும் பசி. இதயம் ஒருநாள் ஒளிரும், ஒருநாள் ஒளிராது. கிட்னியும் மூத்திரப்பையும் ஒளிரும், மருந்து வெளியேறுற வழி அது.

4/ நீங்க செஞ்சதும் படத்துல தெரியலாம். ஊசிக்கு அப்புறம் பேசிக்கிட்டே இருந்தா குரல்வளைத் தசை. முந்தின நாள் ஜிம்முக்குப் போனா தோள், தொடை. சமீபத்துல தடுப்பூசி போட்டிருந்தா அந்தப் பக்க அக்குள். மெட்ஃபார்மின் சாப்பிட்டா குடல்.

5/ டிபியும் ஒளிரும். அது நோய்தான், ஆனா கேன்சர் இல்லை. மெதுவா வளர்ற சில கேன்சர்கள் ஒளிராமலும் போகலாம். அதனால படத்தை மட்டும் வச்சு பயப்படவும் வேணாம், நிம்மதியாகவும் வேணாம்.

6/ அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒளி. சி.டி.யில் அதே இடத்துல நெறிக்கட்டி இல்லை, வெறும் கொழுப்பு. பழுப்புக் கொழுப்பு! குளிர்ல உடம்பைச் சூடாக்க சர்க்கரையை எரிக்கும். ஒல்லியான இளவயசுக்காரங்ககிட்ட அதிகம் பார்ப்போம். ஏசி ரூம்ல போர்வை இல்லாம உட்கார வச்சிருந்தோம். தப்பு எங்களோடது.

7/ அந்த ஒளிக்குள்ள சின்ன நெறிக்கட்டி ஒளிஞ்சிருந்தா? அதனால சில நாள் கழிச்சு, நல்லா போர்த்தி உட்கார வச்சு மறுபடி எடுத்தோம். கழுத்து சுத்தம். அன்னைக்கே ஒரு போர்வை கொடுத்திருந்தா அந்தக் குடும்பம் ஒரு ராத்திரி தூங்கியிருக்கும்.

8/ உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ பெட் ஸ்கேனா? முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி வேணாம். சொன்ன நேரம் வரை பட்டினி, தண்ணி மட்டும். ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. சுகர் மாத்திரை, இன்சுலின், தடுப்பூசி எல்லாத்தையும் முன்னாடியே சொல்லுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. படத்தை ராத்திரி தனியா பார்க்காதீங்க. காலைல டாக்டரோட உட்கார்ந்து பாருங்க.