காருக்கு இடமில்லாத தெரு

ஜேர்மனிக்கு வந்த எங்கட ஆக்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதலில் வாங்குவது கார். அதுவும் வாசலில் நிற்கவேண்டும். வருகிற போகிறவர்கள் பார்க்கவேண்டும். நான் குடியிருக்கும் பிரைபேர்க் நகரத்து வோபான் பேட்டையில் பெரும்பாலான வாசல்களில் அந்தப் பெருமைக்கு வழியில்லை. நடக்கிற வேகத்தில் காரைக் கொண்டுவந்து சாமானை இறக்கலாம், இறக்கியதும் எடுத்துவிடவேண்டும்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த அத்தான் அரிசி மூட்டையை இறக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"காரை எங்கயடா விடுறது?"

"அந்தத் தொங்கல்ல மாடித் தரிப்பிடம் இருக்கு, அத்தான். இங்கத்தைச் சனம் அதில ஓரிடம் வாங்க 15,000 யூரோவுக்கு மேல குடுக்குது."

"எடேய், காசும் குடுத்து நடக்கவும் வேணுமோ?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் மற்ற இடங்களில் அந்தக் காசு வீட்டு விலைக்குள் ஒளிந்திருக்கும். கார் இல்லாதவனும் சேர்த்துக் கட்டுவான். இங்கே அதைப் பிரித்துவிட்டார்கள். கார் இல்லாத குடும்பம் தன்னிடம் கார் இல்லையென்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். வீட்டுக்கொரு தரிப்பிடம் வேண்டும் என்கிறது சட்டம். அதைச் சமாளிக்க ஒரு சங்கம் ஓரத்தில் நிலம் வாங்கி வைத்திருக்கிறது. தேவை வந்தால் அதில் தரிப்பிடம் கட்டலாம் என்பது ஏற்பாடு. இதுவரைக்கும் அங்கே புல்தான். வோபானின் சூழல் அக்கறை கூரையிலுள்ள சூரியத் தகடுகளில் இருப்பதைவிட இந்தக் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது என்பேன்.

முன்பு வோபான் பிரெஞ்சு இராணுவ முகாம். 1992இல் அவர்கள் போனபிறகுதான் நகரசபை கையில் எடுத்தது. அதற்கும் முன்னால், 1975இல், பக்கத்து வீல் கிராமத்தில் அணுமின் நிலையம் கட்ட வந்தபோது, திராட்சை விவசாயிகளும் பிரைபேர்க் மாணவர்களும் அந்த நிலத்திலேயே போய்க் குந்தினார்கள். நிலையம் கட்டப்படவேயில்லை. அந்தப் போராட்டத்தில் முளைத்த 'ஓக்கோ இன்ஸ்டிடியூட்' என்ற ஆய்வு நிறுவனம் பின்னாளில் எங்கள் பேட்டையின் 'சூரியக் கப்பல்' கட்டடத்துக்கே குடிவந்தது.

ரோல்ப் டிஷ் என்ற கட்டடக்கலைஞர் வரைந்த அந்தக் கட்டடம் பெருந்தெருவை ஒட்டி நீளமாகக் கிடக்கிறது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், உச்சியில் வீடுகள். தெருவின் இரைச்சலை அது முதுகில் வாங்கிக்கொள்வதால் பின்னாலுள்ள வரிசை வீடுகளுக்கு நிம்மதி. அந்த வீடுகளின் கூரைகள் தெற்குப் பக்கம் நீண்டு நிற்கும். கோடையில் உச்சிச் சூரியனை மறைக்கும், மாரியில் தாழ்ந்து வரும் வெயிலை யன்னல் வழியே அறைக்குள் விடும். வருடக் கணக்குப் பார்த்தால் செலவழிப்பதைவிடக் கூடுதலாகச் சக்தி தருகிற வீடுகள்.

வெளிநாட்டுக் குழுக்கள் கமராக்களோடு வந்து படம் பிடிப்பது இவற்றைத்தான். மாலையில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்க ட்ராமில் வருகிறவர்களுக்கு இங்கே வீடெடுப்பது லேசில்லை; வாடகை அப்படி.

என்னைக் கேட்டால், இதே நகரத்து வைன்கார்ட்டன் பேட்டைக்கும் அந்தக் குழுக்களைக் கூட்டிப்போகவேண்டும். 1968இல் கட்டிய 16 மாடி வாடகைக் குடியிருப்பு ஒன்றை 2011 அளவில், சூடாக்க மிகக் குறைந்த சக்தியே தேவைப்படும் 'பாசிவ் ஹவுஸ்' தரத்துக்குத் திருத்தினார்கள். பழைய பல்கனிகளை அறைகளோடு சேர்த்துச் சுவருக்குத் தடித்த போர்வை போட்டார்கள். வீடுகளைச் சிறிதாக்கி 90ஐ 139 ஆக்கினார்கள். அழகென்று சொல்லமாட்டேன். ஆனால் காசுள்ளவன் புதிதாகக் கட்டுவதைவிட, இருக்கிற மாடியைக் குறைந்த வருமானக்காரருக்காகத் திருத்துவதுதான் கஷ்டமான வேலை. அத்தானின் ஸ்டுட்கார்ட்டுக்கும் கொழும்பு மாடிவீடுகளுக்கும் அந்த வேலைதான் மிச்சம் கிடக்கிறது.