தெருவில் கிடக்கும் கம்பி

பாஸ்டனில் பெருக்கும் வண்டி போய் முடிந்த பிறகு நடைபாதை ஓரத்தைக் கவனித்தால், சில நாள் தட்டையான இரும்புக் கம்பிகள் கிடக்கும். வண்டியின் சுழலும் துடைப்பத்திலிருந்து உடைந்து விழுந்தவை. நான் அதைக் குனிந்து எடுப்பதைப் பார்த்துவிட்டு கூட வேலை பார்க்கும் நண்பன், "டேய், குப்பை பொறுக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றான்.

குப்பைதான். ஆனால் நல்ல ஸ்பிரிங் ஸ்டீல். வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். 1991-ல் 'டெட் த டூல்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய 'எம்ஐடி கைட் டு லாக் பிக்கிங்' இந்தக் கம்பியைத்தான் சிபாரிசு செய்கிறது. சாவியில்லாமல் பூட்டு திறப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் பலருக்கும் அதுதான் முதல் பாடப்புத்தகம்.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு கம்பிதான். ஒன்று பூட்டின் உருளையை லேசாக முறுக்கிப் பிடிக்க. இன்னொன்று உள்ளேயுள்ள பின்களை ஒவ்வொன்றாக மேலே தள்ள. இது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்த அன்றுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. எந்தத் தொழிற்சாலையாலும் ஐந்து துளைகளைத் துல்லியமாக ஒரே கோட்டில் போட முடியாது. மயிரிழை விலகல் இருக்கும். அதனால் முறுக்கும்போது ஏதோ ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதைச் சரியான உயரத்துக்குத் தள்ளினால் உருளை கொஞ்சூண்டு நகர்ந்து அடுத்த பின் இறுகும். கல்லூரியில் 'டாலரன்ஸ்' என்று மனப்பாடம் செய்து எழுதியதை விரல் நுனியில் உணர்ந்தது இங்கேதான்.

அந்தக் காலத்தில் கருவி வேண்டுமென்றால் நீங்களே ராவ வேண்டும். ஆக்ஸா பிளேடு, வைப்பர் ரப்பருக்குள் இருக்கும் பட்டை, எது கிடைத்தாலும் சரி. சாணைக்கல்லில் அவசரப்பட்டால் இரும்பு சூடேறி நீலமாகும், விறைப்பு போய்விடும். தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத்தான் தேய்க்கணும். 1851-ல் லண்டனில் பிராமா பூட்டைத் திறந்து 200 கினி வென்ற அமெரிக்கர் ஹாப்ஸும் அதற்கென்றே கருவிகள் செய்துகொண்டவர்தான். 16 நாட்களில் 51 மணி நேரம்! (அவர் பொழுதுபோக்குக்காரர் அல்ல. போட்டி கம்பெனியின் பூட்டை விற்க வந்தவர்.)

கடையில் வாங்குவது லேசாக இருக்கவில்லை. அமெரிக்கச் சட்டப்படி இந்தக் கருவிகளைத் தபாலில் அனுப்பவேண்டும் என்றால், வாங்குபவர் பூட்டுத் தொழிலாளியாகவோ, பூட்டு தயாரிப்பவராகவோ, கடன் கட்டாத வண்டியைத் தூக்கிவருபவராகவோ, இப்படி ஏதாவது தொழில் சார்ந்தவராக இருக்கணும். என்னைப்போல சும்மா ஆசைப்படுபவனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. சட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் அது தபாலுக்குத்தான், தனியார் கூரியருக்கு அல்ல. அதனால் இப்போது மூன்று கிளிக்கில், உள்ளே நடப்பது தெரிகிற கண்ணாடிப் பூட்டோடு சேர்த்து வீட்டுக்கே வந்துவிடுகிறது. நானும் முதலில் அப்படித்தான் வாங்கினேன். நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ராவிச் செய்தது கைக்கு இன்னும் இணக்கம், அவ்வளவுதான்.

ஜெர்மனியில் 1997-லேயே சங்கம் வைத்து இதை விளையாட்டாக்கிவிட்டார்கள். எல்லா ஊரிலும் விதி இரண்டுதான்: உன்னுடையதல்லாத பூட்டைத் தொடாதே, பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதே.

நான் இருக்கும் மாசசூசெட்ஸில் கருவியை வைத்திருப்பது மட்டும் குற்றமில்லை, திருடும் நோக்கம் இருக்கவேண்டும். வர்ஜீனியாவில் கதை வேறு. திருட்டுக் கருவி என்று கருதப்படுவது உங்கள் கையில் இருந்தாலே, நோக்கத்துக்கு அதுவே முதல் சாட்சி. உரிமம் பெற்ற வியாபாரிக்கு மட்டும் விலக்கு. என் சித்தப்பா மகன் அங்கேதான் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் காரின் இண்டு இடுக்கெல்லாம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். விசா படிவத்தில் தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்பதில்லை, கைதானீர்களா என்றும் கேட்கிறார்கள். "இது என் ஹாபி சார்" என்று சாலையோரத்தில் நின்று, இந்த முகத்தோடு, இந்த உச்சரிப்போடு விளக்குவதை யோசித்தாலே வயிற்றைப் பிசைகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், ஓய்வுபெற்ற இன்ஜினியர், கிரெடிட் கார்டு அளவுக்கு மடங்கும் ஒரு செட்டை எப்போதும் பர்ஸிலேயே வைத்திருக்கிறார். விமானத்தில்கூட அது அவரோடு போகிறது. "பயமா இல்லையா?" என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு எனக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கித் தந்தார். உறை பிரிக்காமல் மேசை டிராயரில் இருக்கிறது.