பின்னால் நின்றவர்கள்

இளம்பிள்ளைத் தறியோசையில் வளர்ந்த நமக்குக் கால்பந்து என்றால் கோல் அடிப்பது ஒன்றுதான். கல்லூரி நாளில் முன்னணியில் ஆடிய நம்மை உடற்கல்வி ஆசிரியர் ஒருநாள் பின்காவலுக்கு மாற்றினார். அதைத் தண்டனையாகவே எண்ணினோம். வீட்டில் முறையிட்டபோது அத்தா தறியை நிறுத்தாமலே, "பாவு அறுந்தா பூ எதுல நிக்கும் தம்பி?" என்றார். நமக்குக் கோபந்தான் மிகுந்தது. மைதானத்தின் பக்கம் பிறகு தலைவைத்தும் படுக்கவில்லை. நம் இடத்தில் வேறொரு மாணவர் நின்றார். அவ்வாண்டு அணி மண்டலக் கோப்பையை வென்றது. சுவரில் மாட்டிய அந்தப் படத்தில் நாம் இல்லை.

ஆசிரியப் பணிக்கு வந்தபின்தான் சையத் அப்துல் ரஹீம் அவர்களின் வரலாற்றைப் படித்தோம். அவரும் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. அன்றைய ஆட்டமுறையில் பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர். ரஹீம் நடுவரிசையின் மையத்தில் நின்றவரைப் பின்னிழுத்துக் காவலை மூவராக்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. செப்டம்பர் 4 இறுதியாட்டத்திலும் எதிரே அதே தென்கொரியா. பின்காவலின் தூணான ஜர்னைல் சிங் தலையில் காயம்பட்டிருந்தார். ரஹீம் அவரை முன்னணியில் நிறுத்தினார். அவரும் ஒரு கோல் அடித்தார்! அவரில்லாத காவலை அருண் கோஷ் முதலியோர் தாங்கினர். கோல்முகத்தில் பீட்டர் தங்கராஜ். வெலிங்டனின் மதராஸ் ரெஜிமென்ட் மையத்துக்காக ஆடியவர். அம்மைய அணி 1955, 1958 ஆண்டுகளில் துராந்து கோப்பையை வென்றதை நம் மாணவர் பலர் அறியார். ஆட்டம் 2-1, தங்கம் இந்தியாவுக்கு. மறு ஆண்டே ரஹீம் புற்றுநோயால் மறைந்தார்.

அண்மையில் ஒரு மாணவர் துறை அறைக்கு வந்து, "ஐயா, என்னைப் பின்னால் நிற்கச் சொல்கிறார்கள், நான் விலகிக்கொள்கிறேன்" என்றார். இக்கதை முழுவதையும் சொன்னோம். சுவரிலுள்ள படத்தைப் பற்றியும் மறைக்காமல் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "ஜர்னைல் சிங்கை முன்னால் அனுப்பினார்களே, என்னை எப்போது அனுப்புவார்கள்?" என்று கேட்டார்.

நம்மிடம் விடையில்லை. பயிற்சிக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னோம். காலணியை எடுத்துக்கொண்டு ஓடினார்.