தந்தை பெயரைச் சுமந்த பிள்ளைகள்

கொல்லிமலை செம்மேட்டில், அம்மலையை ஆண்ட வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடி மாதத்தில் அரசு விழாவும் உண்டு. ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை துளைத்த வில்லாளியாகவே அவனைக் கொண்டாடுகிறோம். அவன் முடிவைச் சொல்வது அகநானூறு: முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். காரி ஓரியின் தெருவில் புகுந்தபோது ஊரில் எழுந்த இரைச்சலை நற்றிணை பதிவு செய்கிறது. ஆனால் போர் ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை அறிய, வென்ற காரியின் மலையமான் குலத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

மலையமானின் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் யானைக் காலில் இடத் துணிந்தான். இந்த மலையமான் காரியே என்பது பலர் கருத்து. தடுத்தவர் புலவர் கோவூர் கிழார். புறநானூற்றின் 46ஆம் பாடலில் அவர் காட்டும் பிள்ளைகள், யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிடுகிறார்கள். பிறகு கூடியிருக்கும் மன்றத்தைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். கொல்ல வந்த விலங்கு அவர்களுக்கு வேடிக்கை. சுற்றி நிற்கும் பெரியவர்களே அச்சம். தகப்பன் பகைவன் என்பதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் வேறில்லை. போர் பிள்ளையிடமிருந்து பெற்றோரைப் பறிப்பதோடு நிற்பதில்லை. காப்பாக இருக்க வேண்டிய உறவையே பிள்ளையின்மேல் பழியாகச் சுமத்திவிடுகிறது.

அதே புறநானூற்றில் மகனைக் களத்துக்கு அனுப்பிப் பூரிக்கும் தாய்மார் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஆனால் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிறந்த வீட்டு ஆண் ஒருவன் முந்திய போரில் மாய்ந்தான். நேற்றைய போரில் கணவன் மாய்ந்தான். இன்று பறை கேட்டதும் ஒரே மகனுக்குக் குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுக்கிறாள். புலவர் அவள் துணிவை மெச்சத்தான் செய்கிறார். ஆனால் அந்த வீட்டில் இனி அனுப்ப ஆள் இல்லை என்பதும் அதே பாட்டில் இருக்கிறது. எண்ணெய் தடவும் கை தாயின் கை; வேல் தரும் கடமை ஊர் விதித்தது. அந்த வீரம் பாசத்தின் இயல்பு என்பதைவிட, பாசத்திடம் போர் கேட்ட விலை என்பதே சரி.

பெற்றோர் போனால் வேறொருவர் வளர்க்கலாமே என்பது அடுத்த கேள்வி. புலவர் கபிலர் அதைத்தான் முயன்றார். அவருடைய நண்பனான மன்னன் பாரி இறந்தபின் அவன் மகளிரை விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற மன்னர்களிடம் அழைத்துப் போனார்; இருவரும் ஏற்கவில்லை. அன்பான காப்பாளர் இருந்தும் ஊர் உலகம் கதவைத் திறக்கவில்லை. காப்பாளர் இருந்தாலும் பிரிவின் வலி ஆறுவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகங்கள் நடத்திய உளப்பகுப்பாய்வாளர்கள் அன்னா ஃபிராய்டும் டோரத்தி பர்லிங்காமும், குண்டு வீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே குழந்தைகளை அதிகம் உலுக்கியது என்று கண்டார்கள். இலங்கையிலோ பிரிவுக்கு முடிவே தெரியவில்லை: காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு, உள்நாட்டுப் போர் முடிந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2017இல் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். இறந்தான் என்றால் அழுது முடிக்கலாம். பதிலே இல்லை என்றால் தாய் தாயாகவே காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே காப்பாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் போதாது. அந்தப் பிள்ளையை யாருடைய பிள்ளை என்று கேட்காமல் ஏற்கும் ஊரும், காணாமல் போனவர் எங்கே என்று பதில் சொல்லும் அரசும் வேண்டும். கோவூர் கிழார் மன்றத்தில் கேட்டது இவற்றில் முதலாவது. அதற்கு அவருக்குப் படை தேவைப்படவில்லை. கேட்க ஒருவரும், இரங்க ஒரு மன்னனும் போதுமாக இருந்தது. போரை நிறுத்த முடியாதவர்கள்கூடச் செய்யக்கூடிய காரியம் இது.