நான் பார்க்க மறுத்த பொருக்கு

ஒரு பெண்ணின் சாவில் எனக்குப் பங்கு உண்டு. கொன்றது நோய்தான். ஆனால் அந்த நோயை அடையாளம் காண விடாமல் தடுத்தது என் அகந்தை. முழுவதையும் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

நான் பொதுநல மருத்துவன். கார்த்திகை மழையில், நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண் கடும் காய்ச்சலோடு நான் வேலை பார்த்த மருத்துவமனையில் சேர்ந்தார். தலைவலி, உடம்புவலி, வறட்டு இருமல். தட்டணுக்கள் குறைந்திருந்தன. வைடால் பரிசோதனை லேசாக பாசிட்டிவ். டைஃபாய்டு என்று எழுதி, செஃப்ட்ரியாக்சோன் ஊசியைத் தொடங்கினேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏரிக்கரைப் புதருக்குள் போய் ஆட்டுக்குத் தழை ஒடிப்பவர் என்று தெரிந்திருக்கும்.

காய்ச்சல் இறங்கவில்லை. ரவுண்ட்ஸ் முடித்துக் கிளம்பியபோது நர்ஸ் பின்னாலேயே வந்தார்.

“சார், அந்தம்மாவுக்கு இடுப்புல கறுப்பா ஒரு பொருக்கு இருக்கு. வலிக்கலன்னு சொல்றாங்க. ஒருவாட்டி பாத்துடுங்களேன்.”

“பாவாடை நாடா உரசின புண்ணு. இதையெல்லாம் எங்கிட்ட கொண்டு வராதீங்க.”

மற்றவர்கள் முன்னால்தான் சொன்னேன். கட்டில் பக்கத்திலேயே இருந்தது. திரும்பிப் போய், சேலையைச் சற்று விலக்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பெண் நோயாளி, கூச்சப்படுவார் என்று பின்னாளில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கூடவே நர்ஸ் இருந்தார். அவர் சொல்லி நான் பார்ப்பதா என்ற எண்ணம்தான் என்னைத் திரும்ப விடவில்லை.

அது உண்ணிக் காய்ச்சலின் கடிவாய். மருத்துவத்தில் எஸ்கார் என்போம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்த இடம். பீடியால் சுட்டதுபோல் கறுத்து, ஓரம் சிவந்து, வலியில்லாமல் இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பு மடிப்பு என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். தேடினால்தான் கிடைக்கும்.

இது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் என் குற்றம் சிறியது. தெரியும். மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா செல்லுக்குள் மட்டுமே பெருகும். அதன் மேற்பரப்பிலுள்ள 56 கிலோடால்டன் புரதம் ஃபைப்ரோனெக்டினைப் பற்றும். ஃபைப்ரோனெக்டின் செல்லின் மேலிருக்கும் இன்டெக்ரினோடு சேரும். செல்சவ்வு உட்குழிந்து கிருமியை ஒரு பைக்குள் வாங்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கண்ட வழி இது. கிருமி அந்தப் பையிலிருந்து தப்பி, நுண்குழல்கள் வழியே உட்கருவின் அருகே போய்ப் பெருகும். நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களையும் அது விடுவதில்லை. கடிவாய்த் திசுவில் மோனோசைட், டென்ட்ரிடிக் செல்களுக்குள்ளேயே அதைக் கண்டிருக்கிறார்கள். பிறகு இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பிடித்து, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன், அந்தம்மாவின் இடுப்பைப் பார்க்கவில்லை. காய்ச்சல் இறங்காதபோது ஊசியின் அளவைக் கூட்டினேன். செஃப்ட்ரியாக்சோன் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் மருந்து. இந்தக் கிருமிக்கு அந்தச் சுவர் பெயரளவுக்குத்தான். அது ஒளிந்திருக்கும் இடத்துக்கும் மருந்து சரியாகப் போய்ச் சேராது. டாக்ஸிசைக்ளின் செல்லுக்குள் போகும். விலை குறைந்த மாத்திரை. உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் தணியும். நான் எழுதவில்லை.

மூச்சுத் திணறல் வந்தபின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். அன்றிரவே அங்கிருந்து ஓர் இளம் மருத்துவர் கூப்பிட்டார். “சார், இடுப்புல எஸ்கார் இருக்கு. டாக்ஸி ஆரம்பிச்சிட்டோம்.” வென்டிலேட்டரில் வைத்தும் அந்தப் பெண் பிழைக்கவில்லை. முற்றிய நோய்க்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது மேல் என்று காட்டிய இந்திய ஆய்வு 2023இல்தான் வெளியானது. அதை நான் சாக்காகச் சொல்ல முடியாது. ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதவன் நான்.

இதைவிடக் கேவலமானது அடுத்து நடந்தது. அவருடைய கணவர் என்னிடம் வந்து, என்ன ஆனது என்று கேட்டார். “கொண்டு வர்றப்பவே முத்திப்போச்சுப்பா. முன்னாடியே வந்திருக்கணும்” என்றேன். வழக்குக்குப் பயந்தேன். பெயர் கெடும் என்று பயந்தேன். அவர் நம்பினார். மனைவியைத் தாமதமாகக் கொண்டுவந்தது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லி அழுதார். மூத்த மகள் பள்ளியை விட்டு நின்று, வீட்டையும் ஆடுகளையும் பார்த்துக்கொண்டாள். எல்லாம் என் காதுக்கு வந்தது. நான் வாய் திறக்கவில்லை.

இது அச்சேறும் முன் அந்தக் கணவரின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சொன்ன பதிலை எழுத எனக்கு உரிமையில்லை. நர்ஸிடமும் மன்னிப்புக் கேட்டேன். இரண்டும் காலம் கடந்து செய்தவை. அவர் மனைவியைத் தாமதமாகக் கொண்டுவரவில்லை. தாமதித்தவன் நான்.

இளம் மருத்துவர்களே, காய்ச்சலோடு வருபவரை உச்சி முதல் பாதம் வரை பாருங்கள். நர்ஸ் சொன்னால் நின்று கேளுங்கள். வாசகர்களே, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் நீடித்து, உடம்பில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பார்க்க மறுத்தால், பார்க்கும் மருத்துவரிடம் அன்றே போங்கள்.