கையை விடும் முன்

மொன்றியலின் சென் மிஷேல் பகுதியில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டினார்கள். பிறகு அதே குழியில் நகரத்துக் குப்பையைக் கொட்டினார்கள். இன்று அதன் ஓரத்தில் தோஹு என்ற வட்ட அரங்கு நிற்கிறது, 2004இல் திறந்தது. 1981இல் தொடங்கிய தேசிய சர்க்கஸ் பள்ளியும் 1984இல் பிறந்த சர்க் து சொலேயின் தலைமையகமும் பக்கத்திலேயே. நான் போனது அவற்றுக்கல்ல, சில தெரு தள்ளியிருக்கும் ஒரு சின்னப் பயிற்சிக் கூடத்துக்கு. தங்கையின் மகள் அங்கேதான் தொங்கும் துணியில் ஏறப் பழகுகிறாள். அன்று அவளுக்கு இரட்டை நட்சத்திரம்: உயரத்தில் துணியை உடலில் சுற்றிக்கொண்டு, கையை விட்டு, இரண்டு முறை உருண்டு வந்து தரைக்கு மேலேயே நிற்க வேண்டும். பிரெஞ்சில் இதை 'ஷூத்' என்கிறார்கள். விழுதல், அவ்வளவுதான்.

வகுப்புக்கு முன்பே ஒருவர் ஏணியில் நின்றார். கயிறும் கொக்கியும் அவர் பொறுப்பு. துணியின் நடுப்பகுதி எட்டு வடிவ உலோகத் துண்டில் சுருக்கிடப்பட்டிருந்தது. அதற்கு மேலே ஒரு சுழலி, அதற்கும் மேலே பூட்டுக் கொக்கி. கொக்கியில் 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருந்தது. சுமார் 2,200 கிலோவின் இழுவை. ஐம்பத்தைந்து கிலோப் பெண்ணுக்கு இவ்வளவா என்று கேட்டேன். விழுகிற உடல் சட்டென்று நிற்கும்போது அதன் எடை மூன்று நான்கு மடங்காகித் துணியை இழுக்கும், அதற்கு மேலும் போகலாம் என்றார். துணியை மேலிருந்து கீழ்வரை சாண் சாணாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். நானும் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். முதலில் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். சின்னக் கீறல் போதுமாம்.

உடனே மேலே ஏறிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். ஒரு மணி நேரம் அவள் பயிற்றுநரின் இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை. தொங்கியபடி சுற்றுவாள், பயிற்றுநர் பின்பக்கம் போய்ப் பார்ப்பார், கையாலேயே மெதுவாக அவிழ்ந்து இறங்குவாள், மறுபடி ஏறுவாள். முன்னாலிருந்து பார்த்தால் சரியான சுற்றும் தவறான சுற்றும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஒரே நிறத் துணி, ஒரே இறுக்கம். ஆனால் ஒரு சுற்று திசைமாறிப் போயிருந்தால் உருண்டு முடிக்கையில் உடலைப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. மூன்றாவது முறை அவள் துணியின் வாலைத் தொடைக்கு அடியில் விடாமல் மேலே விட்டுவிட்டாள். பயிற்றுநர் எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தில் விரலை வைத்தபடி, அவளே கண்டுபிடிக்கும்வரை நின்றார். அந்த மௌனத்தைத்தான் நான் பார்த்ததிலேயே உயர்ந்த வேலை என்பேன்.

இன்னொன்று, விழும்போது கை தானாகத் துணியைப் பற்றப் பார்க்கும். பற்றினால் உள்ளங்கைத் தோல் உரியும், உருளல் பாதியில் கோணலாக நிற்கும். பிறந்ததிலிருந்து உடம்பு அறிந்த ஒன்றை மறக்கச் செய்ய வேண்டும். அதற்குத்தான் இந்தத் தாழ்வான உயரம்.

மேலே தவறினால் நீங்கள் பிடித்துவிடுவீர்களா என்று பயிற்றுநரிடம் கேட்டேன். அவருடைய முழங்கால் மடிப்பில் பழைய துணிச்சூட்டின் தழும்புகள் இருந்தன. ஐந்து மீட்டரிலிருந்து வருகிற ஆளை எந்தக் கையும் பிடிக்க முடியாது, பிடிப்பதெல்லாம் இப்போதுதான் என்றார்.

கடைசியில் ஏறினாள். விழுந்து முடிந்த பிறகும் தலைக்கும் மெத்தைக்கும் இடையே ஓர் ஆள் உயரம் மிஞ்ச வேண்டும், அந்தக் கணக்கில் உயரம். ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டுச் சொன்னாள். கீழே பயிற்றுநர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

"பெரியம்மா, பயப்பிடாதேங்கோ!"

துணி சர்ரென்று உரசும் சத்தம். இரண்டு உருளல். நின்றுவிட்டாள், கைகளை விரித்தபடி. கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், நானும் அழுதுகொண்டே தட்டினேன். ஏணிக்காரர் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. உத்தரத்துக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆடி ஓய்ந்ததும் ஏணியை மறுபடி இழுத்து வந்தார்.