ஒரு துளிக் குருதியின் பயணம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் உள்ளது முரசுமோட்டை. இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர். அங்கே வயலிற் கூலிவேலை செய்யும் ஒருவர் என்னிடம் சொன்னார்: "இரத்தம் குடுக்க ஒரு நாள், றிப்போட் எடுக்க ஒரு நாள், டொக்டருக்குக் காட்ட இன்னொரு நாள். மூண்டு நாள் சம்பளம் போச்சு, ஐயா."

ஆய்வுகூடம் தாமதிக்கிறது என்றதும் புதிய இயந்திரம் வேண்டும் என்று எழுதுவது எங்கள் பத்திரிகைத் தொழிலின் வழக்கம். ஆனால், அச்சியந்திரம் எவ்வளவு விரைவாக ஓடினாலும், செய்தி பிந்தி வந்தால் பத்திரிகையும் பிந்தும் என்பதை எங்களைவிட அறிந்தவர் யார்?

ஆய்வுகூடங்களிலும் இதே கதைதான். இத்தாலியின் பாதுவா நகரில் பிளெபானி, கராரோ ஆகிய இருவர் செய்து 1997இல் வெளியான ஆய்வில், தவறுகளில் ஏறத்தாழ 68 வீதம் பரிசோதனைக்கு முன்னரே நிகழ்ந்திருந்தன. பரிசோதனையின்போது நிகழ்ந்தவை 13 வீதம் மட்டுமே. பெயர் மாறுதல், குழாய் மாறுதல், மாதிரி பழுதாதல் என்பன முன்னைய வகையின. வெறும் குழாயில் எடுத்த குருதியைப் பிரிக்காமல் வைத்தால், அதிலுள்ள சீனி மணிக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும். வன்னி வெயிலில் இன்னும் விரைவாகக் குறையும். பிந்திச் சேரும் மாதிரியில், நீரிழிவுகாரரும் நலமுள்ளவராகத் தோன்றக்கூடும்.

இதற்கான பாடத்தை வெளிநாட்டிலே தேட வேண்டியதில்லை. மலேரியா ஒருகாலத்தில் வன்னியை வாட்டிய நோய். மலேரியாத் தடை இயக்கத்தினர், காய்ச்சல்காரர் வரும்வரை காத்திராமல், நடமாடும் சிகிச்சைக் குழுக்களாகத் தொலைக் கிராமங்களுக்குச் சென்றார்கள். விரலிற் குத்தி, கண்ணாடித் தகட்டில் குருதி எடுத்து, நுணுக்குக்காட்டியிற் பார்த்து, கிருமி கண்டவருக்கு மருந்து கொடுத்தார்கள். உள்நாட்டு மூலத்திலிருந்தே தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்ரோபரில் பதிவாகியது. 2016 செப்ரெம்பர் 5ஆம் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. போரைக் கடந்து வந்த ஒரு நாட்டுக்கு இது சிறிய சாதனையன்று. அதில் நுணுக்குக்காட்டியின் பங்கு எவ்வளவோ, அவ்வளவு பங்கு அந்தத் தகடு போன வழிக்கும் உண்டு.

சீனிக்கும் சிறுநீரகத்துக்கும் அதே வழியைத் திறக்கலாம். குறித்த நாளில், அதிகாலையில், ஊரிலேயே குருதி எடுக்கலாம். நோயாளியின் முன்னிலையிலேயே குழாயிற் பெயரும் இலக்கமும் ஒட்டலாம். குளிர்பெட்டியில் வைத்து ஒரே வாகனத்தில் அனுப்பலாம். ஆபத்தான முடிவை உடனே தொலைபேசியில் அறிவிக்கலாம். ஏனையவை அடுத்த கிளினிக் நாளில், வைத்தியரின் மேசையில் இருந்தாற் போதும்.

ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் மாதிரி தம் கைக்கு வந்த நேரத்திலிருந்தே தமது வேகத்தைக் கணக்கிடுகின்றன. நோயாளி வீட்டுப் படலையைத் திறந்து புறப்பட்ட நேரத்திலிருந்து, மருந்தோடு திரும்பும் நேரம்வரை கணக்கிட்டுப் பார்க்கட்டும். அந்த மூன்று நாட் கூலி எங்கே போயிற்று என்பது அப்போது தெரியவரும்.